நாற்பதுக்கு மேல் போகவில்லை

கார் வாங்குகிறவர்களில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள், ஐயா. முதலில் காரை வாங்கிவிடுகிறார்கள், அதற்கப்புறம் நிழல் தேடுகிறார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கொட்டகை போட்டு முடித்த பிறகுதான் காரைக் கொண்டுவந்தேன்.

லீலா இறந்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் மனைவி இறந்துபோனால் சப் கலெக்டரே விசாரிப்பார் என்பது என் மைத்துனர் கண்ணப்பன் மனு கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே தங்கையைப் பறிகொடுத்தவர். ஆனால் காரிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

என் பெயர் புருஷோத்தமன். ஸ்ரீபெரும்புதூரில் அரிசி மில் வைத்திருக்கிறேன். போன வருஷம் இருங்காட்டுக்கோட்டையில் புதிதாகப் போட்ட ரேஸ் மைதானத்துக்கு யாரோ கொடுத்த பாஸில் போனேன். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். வீட்டுக்கு வந்தபோது காது அடைத்திருந்தது. அன்று இரவு மில் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அதற்கு முன்பு வரை நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஆள்.

நான் வாங்கிய கார் மெட்ராஸில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு அதிகாரி கொண்டுவந்தது. பிறகு நுங்கம்பாக்கத்தில் ஒரு பட விநியோகஸ்தரிடம் இருந்தது. பதின்மூன்று வயது. சிவப்பு. இரண்டே கதவு. உள்ளே தந்த நிறத்தில் தோல் இருக்கை. வேகம் காட்டும் முள் இருநூற்று அறுபது வரை போகும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. முதல் நாள் பஜாரில் நிறுத்தியபோது டீக்கடை ராஜாமணி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பாதிதான் வந்துகீது, மீதி எப்போ வரும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

கொட்டகை விஷயத்துக்கு வருகிறேன். சமையலறையை இடித்தார் என்று மனுவில் எழுதியிருக்கிறது. மாற்றினார் என்பதுதான் சரி. எங்கள் வீட்டில் நாள் முழுக்க நிழல் விழுகிற இடம் அது ஒன்றுதான். வீட்டுக்குப் பின்பக்கம், மில்லின் உமிக் குவியலை ஒட்டி, லீலா சமைக்க நல்ல தகரமாகப் பார்த்து ஒரு சாய்ப்பு இறக்கிக் கொடுத்தேன். தரைக்கும் சிமெண்ட் போடுவதாகத்தான் இருந்தேன். கார் கழுவிய தண்ணீர் தேங்காமல் ஓட கொட்டகைத் தரையைச் சரிவாகப் போட வேண்டியிருந்தது. சிமெண்ட் அதற்கே சரியாகிவிட்டது.

உமியில் எலி ஓடுகிறது, எலிக்குப் பின்னால் பாம்பு வரும் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவைதான். அவள் நச்சரிக்கிற பெண் இல்லை. கேலி பேசுவாள், அவ்வளவுதான். நான் சாயங்காலம் காருக்கு உறை மாட்டிவிட்டு உள்ளே வந்தால், "இன்னாங்க, உங்க சின்ன வூட்டுக்குப் போர்வ போத்தியாச்சா? தூங்கிட்டாளா?" என்பாள். அந்த உறையை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம் இரண்டைப் பிரித்து, உள்பக்கம் மெத்தென்று பழைய வேட்டி வைத்து, பத்து நாள் உட்கார்ந்து தைத்தாள். பிடிக்காதவள் தைப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

வாங்கிய மூன்றாம் மாதம் கார் நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது. புதுப்பேட்டை மெக்கானிக் ரகுபதியைக் கூட்டிவந்தேன். ரேஸ் வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வேலை செய்கிறார். இஞ்சினை இறக்கிப் பார்த்துவிட்டு, ரீபோர் செய்ய வேண்டும், சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட வேண்டும் என்றார். பிஸ்டன் பம்பாயிலிருந்து வர இரண்டு மாதம். பூட்டி முடிக்க இன்னொரு மாதம். அந்த மூன்று மாதமும் இஞ்சின் எங்கள் கூடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை மேல் இருந்தது. ஈரம் படக்கூடாது என்பதற்காக. லீலா தினமும் அதைச் சுற்றிப் பெருக்குவாள்.

இஞ்சினைப் பூட்டி முடித்த அன்று ரகுபதி என்னை உட்காரவைத்து மூன்று விஷயம் சொன்னார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்வரை நாற்பதைத் தாண்டக் கூடாது. அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பத்து நிமிஷம் சூடு ஆறவிட வேண்டும். யாருக்கும் ஓட்டக் கொடுக்கக் கூடாது. "அவசரப்பட்டு மிதிச்சீங்கன்னா பிஸ்டன் புடிச்சுக்கும் சார். அப்பறம் என்னைக் கூப்டாதீங்க" என்றார். பின் கண்ணாடியில் ரன்னிங் இன் என்று வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதினார். லாரியானாலும் ஸ்கூட்டரானாலும் நம் ஊரில் புது இஞ்சினுக்கு இதுதான் வழக்கம். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

தினமும் காலையில் சுங்குவார்சத்திரம் வரை போய்த் திரும்புவேன். சரியாக நாற்பது. மொபெட்காரர்கள் முந்திப் போவார்கள். ஒரு பால்காரர் பக்கத்திலேயே வந்து, "சார், தள்ளணுமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஒரு விஷயத்தில் சொன்ன சொல் மாறாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று அந்த நாட்களில்தான் எனக்குப் புரிந்தது.

லீலாவை நான் காரில் ஏற்றியதே இல்லை என்று கண்ணப்பன் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன். மணிமங்கலத்தில் அவர் பிள்ளைக்குக் காது குத்தினபோதுதான் ஏற்றவில்லை. படப்பை தாண்டி ரோடு குண்டும் குழியும். அடிப்பாகம் தட்டிவிடும். அவளைப் பஸ் ஸ்டாண்டு வரை நானே பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் விட்டேன். அதை யாரும் மனுவில் எழுதவில்லை.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு நாள் மாலை, மணி நான்கு. பின்பக்கச் சமையலறையில் விறகு எடுக்கக் குனிந்தவளைப் பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. மில்லில் வேலை செய்யும் கோவிந்தம்மா அதை அடித்துக் குச்சியில் தூக்கிவந்து காட்டினாள். கண்ணாடி விரியன். பஜாரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் காலைப் பார்த்தார், பாம்பையும் பார்த்தார். தன்னிடம் விஷமுறிவு மருந்து இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பயமில்லை என்றார்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மணிக்கு நாற்பது. கணக்கில் தவறு இல்லை என்பதை ஐயா கவனிக்க வேண்டும்.

கிளினிக் வாசலில் பக்கத்துத் தெரு அண்ணாதுரை தன் வேனோடு நின்றான். கறிக்கோழி ஏற்றுகிற வேன். உடனே கிளம்பலாம் அண்ணே என்றான். சிவப்புக் கார் வீட்டில் நிற்கும்போது என் மனைவி கோழி வேனில் போவதா? நாளைக்கு ஊர் அவளைத்தான் கேலி பேசும். நான் காரை எடுத்துவந்தேன். காலிலிருந்து இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்ததால் இருக்கையில் யூரியா சாக்கை விரித்து அதன்மேல் அவளை உட்காரவைத்தேன். அதற்குத் தைத்த நூலைப் பிரித்துச் சாக்கை அகலமாக்க வேண்டியிருந்தது. நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

மீட்டர் கணக்குப்படி, இஞ்சின் பூட்டிய பிறகு தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று ஓடியிருந்தது. இன்னும் நாற்பத்தொன்பது பாக்கி.

இருங்காட்டுக்கோட்டை தாண்டும்போது லீலா, "கொஞ்சம் சீக்கிரமா போங்களேன்" என்றாள். ரகுபதி சொன்னதை அவளுக்கு விளக்கினேன். நடுவழியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் போய்ச் சேரவே முடியாதே என்றேன்.

செம்பரம்பாக்கம் வந்தபோது அரை மணி ஆகியிருந்தது. ஓரமாக நிறுத்தினேன். முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பின்னாலேயே அண்ணாதுரையின் வேன் வந்து நின்றது.

"இன்னா அண்ணே, நின்னுபோச்சா?"

"இல்ல. நான்தான் நிறுத்தியிருக்கேன்."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் ஆகக்கூடாதுன்னுதான் நிறுத்தியிருக்கேன். இன்னும் ஆறு நிமிஷம்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். "அண்ணே, அண்ணியப் பாருங்க அண்ணே. வாயில ரத்தம் வர்து. தூக்கி என் வண்டியில வைங்க, அரை அவர்ல கொண்டுபோய் சேத்துர்றேன்."

லீலா கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "நான் அதுலயே போறேங்க" என்றாள். "கோழி நாத்தம் பரவால்லிங்க."

இந்த இடத்தைத்தான் ஐயா மூன்று தடவை கேட்டீர்கள். சொல்கிறேன். அண்ணாதுரை அவள் பக்கத்துக் கதவைத் திறக்க வந்தான். நான் என் பக்கம் உட்கார்ந்து பூட்டை அழுத்தினேன். அந்தக் காரில் ஓட்டுகிறவர் ஒரு கதவைப் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே அப்படி ஒரு வசதி செய்திருக்கிறார்கள். அவன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். உடைந்துவிடப் போகிறதே என்று சொன்னேன். லீலாவுக்கு எழுந்து நிற்கவும் தெம்பு இல்லை. ஈரக் கோழிக்கூண்டுகளுக்கு நடுவே அவளைக் கிடத்த எனக்கு மனசு வரவில்லை. ஒரு கைக்குட்டை கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டாள். இருக்கையில் ஒரு சொட்டுப் படவில்லை. அவ்வளவு பக்குவமான பெண், ஐயா.

பத்து நிமிஷம் முடிந்ததும் கிளம்பினோம். அண்ணாதுரை ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தான். பூந்தமல்லி வரை அடித்தான். வழியில் இருந்தவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அமைந்தகரையில் இரண்டாவது தடவை நிறுத்தினேன். அப்போது லீலா கண்ணை மூடியிருந்தாள். நல்ல காரின் அடையாளம் அதுதான், உள்ளே இருப்பவர்களுக்கு அலுங்காது. தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அண்ணாதுரை ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். எழுப்பாதே என்று சைகை காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவளை இறக்கியபோது மணி ஆறு. அங்கிருந்த டாக்டர் அவள் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். அப்புறம், எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்டார். சொன்னேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். அதையும் சொன்னேன். வெளியே நின்ற காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அண்ணாதுரையிடம்தான் பேசினார்.

நான் வேண்டுமென்று செய்தேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம். முள் நாற்பதில் நின்றது தானாக இல்லை, என் காலால் நிறுத்தினேன். கதவைப் பூட்டியதும் நான்தான். அவள் வேறு வண்டியில் போகிறேன் என்று தெளிவாகச் சொன்னாள், எனக்கு நன்றாகக் கேட்டது. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை எனக்குப் பிடிக்காது என்று மட்டும் எழுத வேண்டாம். அது பொய். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அவளைக் கடிந்து பேசியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். வேகமாக ஓட்டி, அவளை நேரத்தோடு சேர்த்து, அதனால் இஞ்சின் கெட்டே போயிருந்தாலும் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று. நியாயமான கேள்விதான். நானும் வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன்.

மறுபடி இஞ்சினை இறக்க வேண்டும். மறுபடி பம்பாய்க்கு எழுதிப் போட வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பூட்டினாலும், முதலிலிருந்து இன்னொரு ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதிலேயே ஓட்ட வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது, ஐயா.