விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

குற்றாலத்துக் குரங்குகளுக்குப் பளபளப்பாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. சோப்புப் பெட்டி, சீப்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் போகும். சீசனுக்கு வந்து எங்கள் விடுதியில் தங்குகிறவர்கள் முதலில் சொல்லும் புகார் அதுதான். நான் அங்கே ஓவர்சியர். பெயர் சிவசைலம். கட்டடம், தண்ணீர்க் குழாய், ஓடைமேல் இருக்கும் நடைபாலம் ஆகியவை என் பொறுப்பு.

பாலத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். விடுதியிலிருந்து கடைத்தெருவுக்கு அது குறுக்கு வழி. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் மலையிலிருந்து ஒரு மரத்தடி வெள்ளத்தோடு வந்து நடு உத்திரத்தில் மோதியது. வெளியே பார்த்தால் தலைமுடி அளவு விரிசல். திருநெல்வேலியிலிருந்து வந்த இன்ஜினீயர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மற்ற இடங்களில் கணீரென்றது. மோதிய இடத்தில் மட்டும் பொத்தென்றது. இந்த மாதிரி மோதலில் மேலே தெரிவது கொஞ்சம்தான், உள்ளே கம்பியும் கான்கிரீட்டும் பிரிந்திருக்கலாம் என்றார்.

உடனே மூட வேண்டாம், கவனித்து வந்தால் போதும் என்றும் சொன்னார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையையும் சிமெண்டால் ஒட்டினார். மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறினார். விரிசல் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் பாலத்தை மூடிவிட்டு அவருக்குத் தந்தி கொடுக்க வேண்டும். தினமும் காலையில் இறங்கி அதைப் பார்ப்பது என் வேலை ஆனது.

சீசன் தொடங்கியதும் ஒருநாள் கண்ணாடி உடைந்து கிடந்தது. நான் இரு பக்கமும் மூங்கில் கட்டிப் பாலத்தை மூடினேன். தந்தி கொடுத்தேன். கூட்டம் சாலை வழியாகச் சுற்றிப் போனது. பாலத்து முனையில் கடை போட்டவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. இன்ஜினீயர் வந்து பார்த்தார். கண்ணாடி ஒரு முனைச் சிமெண்டோடு பெயர்ந்து, கீழே சில்லுகளாகக் கிடந்தது. சிமெண்டில் நகக் கீறல்.

"இது குரங்கு பார்த்த வேலை ஓவர்சியர்," என்று எல்லோர் முன்பும் சிரித்தார்.

வேறு கண்ணாடி ஒட்டினார். விரிசல் நகர்ந்து உடைந்தால் நடுவில் கோடாக உடையும், இரு பாதியும் ஒட்டிய இடத்திலேயே நிற்கும், அதை நினைவில் வையுங்கள் என்றார். வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் குரங்கு ஓவர்சியர். பாலத்து முனையில் கூடை வைத்து மங்குஸ்தான் விற்கும் உலகம்மைதான் ஆரம்பித்தாள். எங்கள் தெருக்காரி.

"என்ன ஓவர்சியர் அண்ணாச்சி, வாலு வச்ச இன்ஜினீயரு என்ன சொல்லுதாரு? இன்னைக்கு நாங்க நடக்கலாமா?"

"ஏட்டி, யாவாரத்தப் பாரு."

"பாக்கத்தான செய்யுதேன். நீங்க மூங்கிலத் தூக்காம இருந்தாச் சரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடையில் என்னைக் கண்டதும் ஒருவன் விலாவைச் சொறிந்து காட்டுவான். நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். உலகம்மை மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. கெட்ட மனசுக்காரி இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் பழம் கொடுத்தனுப்புவாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் இறங்கிப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் கோடாக உடைந்திருந்தது. இரு பாதியும் ஒட்டிய இடத்திலேயே நின்றன.

குரங்காக இருக்கலாம் என்று நினைத்தேன். சுத்தியல் பையில் இருந்தது. தட்டிப் பார்க்கவில்லை. சைக்கிளில் தென்காசிக்குப் போய், சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் அதே அளவில் ஒரு துண்டு வெட்டி வாங்கினேன். பழையதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். இன்ஜினீயரின் எழுத்தையும் அதே சாய்வில் கீறினேன். அவசியமில்லாத வேலைதான். செய்வதை ஒழுங்காகச் செய்வது என் பழக்கம்.

அதுவும் உடைந்தது. இன்னொன்று ஒட்டினேன். அதற்கடுத்த தடவை கனமான கண்ணாடியாகக் கேட்டு வாங்கினேன்.

ஆடி அமாவாசையன்று ஓடையில் வெள்ளம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் பாலத்தின் நடுவில் நின்றது. அங்கே விற்கும் என்று உலகம்மை கூடையோடு உள்ளே போனாள். நடு உத்திரம் மடிந்து இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. பலர் நீந்திக் கரையேறினார்கள். உலகம்மையையும் வெளியூர்க்காரர் இருவரையும் பாறையிடுக்கிலிருந்து எடுத்தார்கள். அந்த இருவரின் பெயர் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெட்கத்தால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுபடியும் மூடி, மறுபடியும் அது குரங்கு என்று ஆகியிருந்தால் நான் அந்தத் தெருவில் நடமாட முடியாது. இப்போது அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிகிறது. உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை. ஆனால் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் மூடியிருப்பேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வந்ததிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறேன்.

என் மனைவி குழல்வாய்மொழியை விசாரித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அப்படியானால் மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை கண்ணாடியை மாற்றிய அன்றே வீட்டுக்கு வந்ததும் அவளிடம், இனி நீயும் பிள்ளையும் பாலத்தில் போக வேண்டாம், சாலை வழியாகச் சுற்றிப் போங்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். பாசி வழுக்குகிறது என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பம் உலகம்மைகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருதேன். அவ பொழுதன்னைக்கும் அங்கனதான கெடக்கா."

"அவகிட்டச் சொல்லாத," என்றேன். "சிரிப்பா."