பூணுக்கு அடியில்

எல்லாரும் வில்லைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு இழுவை, என்ன விலை, எத்தனை கெஜம் போகும் என்று. நீங்கள் முதல் கேள்வியே அம்பைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். வக்கீல் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தவன் அதனால்தான் பேச ஆரம்பித்தேன். தள்ளிவிடுவதோடு வில்லின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அம்பின் பாடு.

மேசைமேல் அந்தப் பிளாஸ்டிக் பையில் இருப்பது என் மூன்றாம் நம்பர் அம்பு. இந்த ஊரில் வில் பிடிக்கிற எல்லாரும் இறகில் நம்பர் போடுவோம். எது நேராகப் போகிறது, எது சாய்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா. மூன்று ஒருநாளும் சாய்ந்ததில்லை. தண்டு பென்சிலைவிட ஒல்லி, பார்த்திருப்பீர்கள். ஒல்லித் தண்டைக் காற்று தள்ளாது. உடம்புக்குள் போகும்போது உரசல் குறைவு, அதனால் ஆழமாக இறங்கும். ஆனால் ஒல்லியாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. முனையைத் திருகி மாட்டுவதற்குத் தண்டின் வாய்க்குள் ஓர் உலோகச் செருகு வைக்க வேண்டும். வாய் சின்னது என்றால் செருகும் சின்னது. அலுமினியம் என்றால் எலும்பில் பட்டு வளையும். பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற ரகம் இணைப்பிலேயே ஒடியும். நான் எஃகுச் செருகை முழுக்க உள்ளே இறக்கி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டி, மறுநாள் வரை தொடாமல் நிமிர்த்தி வைப்பேன். தண்டின் வாய் பிளக்காமல் இருக்க வெளியே ஒரு பூண், உளிப் பிடிக்குப் போடுவதுபோல.

பூணை மட்டும் நான் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு முறை எய்த பிறகும் முனையைக் கழற்றி, பூணைத் தள்ளி, அடியில் கார்பன் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட அம்பை மறுபடி நாணில் வைத்தால் அது சிதறி உங்கள் கையிலேயே ஏறும். மில்லில் ரம்பம் தீட்டுகிறவன் நான். பார்க்காமல் விட்ட ஒரு பல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

டுவெய்ன் ரக்கர் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பான். காஸ் லாரி ஓட்டுகிறவன். ஊரில் எல்லா வீட்டுக் கதவும் அவனுக்குத் திறக்கும், எல்லா நாயும் அவனைக் கண்டு வாலாட்டும். பெரிய கடையில் தள்ளுபடிக்குக் கிடைக்கும் தடித்த அம்புகளைக் கட்டாக அள்ளிக்கொண்டு வருவான். சனிக்கிழமையானால் என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து பீர் குடிப்பான்.

"ஏன்டா லைல், அம்பு செய்யுறியா, இல்ல யாருக்காச்சும் கம்மல் செய்யுறியா?"

"எலும்புல பட்டா உன் அம்பு தாங்காது டுவெய்ன்."

"எலும்புல ஏன்டா அடிக்கணும்? நான்லாம் நெஞ்சுலதான் அடிப்பேன்."

போன வருஷம் செப்டம்பரில் அவன் ஓர் எல்க் மானை அடித்தான். பெரிய கிடா. நெஞ்சில் இல்லை, தோள் சப்பையில். அம்பு பட்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதான், மேடம். உட்கார வேண்டும். அரைமணி நேரம், பட்ட இடம் மோசம் என்றால் இன்னும் அதிகம். துரத்தாவிட்டால் அடிபட்ட மிருகம் பக்கத்திலேயே படுத்து அமைதியாக உயிரை விடும். துரத்தினால் மலை தாண்டி ஓடும். மொன்டானாவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டுவெய்ன் அம்பை விட்ட கையோடு "பட்டுடுச்சு, பட்டுடுச்சு" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினான். சாயங்காலம் வரை தேடிவிட்டு, பசிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

நான் விடாமல் தேடினேன். சில நாள் கழித்து ஓடைக்கரையில் கண்டேன். உயிர் இருந்தது. தோள் வீங்கி, ஈ மொய்த்து, தண்ணீரில் வாயை வைத்தபடி கிடந்தது, குடிக்கவும் தெம்பில்லை. நான்தான் முடித்து வைத்தேன். அம்பை அறுத்து எடுத்துப் பார்த்தால், அலுமினியச் செருகு வளைந்து, முனை பக்கவாட்டில் திரும்பி எலும்பில் சிக்கியிருந்தது. அன்றைக்கு அழுதேன். சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்தத் துண்டைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். "அடப் பாவமே" என்றான். அப்புறம் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி விடு. ஓநாயும் கரடியும் சாப்பிட வேண்டாமா?" என்றான்.

நான் கோபப்படவில்லை. அவனுக்கும் ஆறு அம்பு செய்து கொடுத்தேன். அவன் வில்லுக்கு ஏற்ற நீளத்தில் வெட்டி, எஃகுச் செருகு, பூண், எல்லாம் என் அம்புக்குச் செய்வதுபோலவே. கிறிஸ்துமஸுக்கு ரிப்பன் கட்டிக் கையில் கொடுத்தேன். கட்டிப் பிடித்துக்கொண்டான்.

இந்த ஆகஸ்டில் அவன் வீட்டுப் பின்புறத்தில் பர்கர் சுட்டு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி நோரீனின் தக்காளி நன்றாகக் காய்த்திருந்தது. செடிக்கு ஒன்றாக ஒல்லிக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார்கள். என் அம்புகள். என் முகத்தைப் பார்த்துத்தான் நோரீனுக்கே விளங்கியது.

"ஐயோ டுவெய்ன், இது லைல் குடுத்ததா? நீ ஏதோ பழசுன்னு சொன்னியே."

அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "நீளம் கரெக்டா இருந்துச்சுடா லைல். இவ்ளோ காத்துல ஒண்ணாவது வளைஞ்சிருக்கா பாரு. நீ சொன்னது சரிதான், செம உறுதி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது பர்கர் கூட வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் இதை எழுதிக்கொள்வது தெரிகிறது. தக்காளிச் செடிக்காக ஒரு மனிதனை யாராவது கொல்வார்களா. காரணம் அது இல்லை.

ஸ்லேட் ஓடைக்கு மேலே, பாதை முடிந்து இன்னும் மூச்சு வாங்க ஏறினால், ஒரு கிண்ணம்போல இடம் இருக்கிறது. அங்கே ஒரு கிடா. இடது கொம்பில் ஒரு கிளை கீழே மடிந்திருக்கும். மூன்று செப்டம்பராக அதற்காகப் போகிறேன். இரண்டு முறை அம்பு எட்டும் தூரத்தில் வந்தும் விடவில்லை, நின்ற கோணம் சரியில்லை என்று. யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை நான் போன காலையில் பாதை முனையில் டுவெய்னின் பிக்கப் நின்றது. கீழே ஏதோ ஒரு குடிலுக்குக் காஸ் போட வந்தவன், முந்தின வாரம் என் வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறான். அவ்வளவு போதும் அவனுக்கு.

செப்டம்பரில் கிடாக்கள் ஒன்றை ஒன்று சண்டைக்குக் கூப்பிட்டுக் கத்தும். வேட்டைக்காரர்களும் குழாயில் ஊதி அதேபோல் கத்திக் கூப்பிடுவோம். நான் கிண்ணத்தின் விளிம்பில் இருந்தபோது கீழே ஆஸ்பென் மரங்களுக்குள் கத்தல் கேட்டது. கிடா என்று நினைத்தேன். இல்லை, எழுதியதில் அந்த வரியை அடித்துவிடுங்கள். டுவெய்ன் ஊதினால் கடைசியில் பழைய கைப்பம்பு மாதிரிக் கம்மும். காடு முழுக்க ஆள் ஊதினாலும் அவன் குரல் எனக்குத் தெரியும்.

மேலேயிருந்து என் கிடா அவனுக்குப் பதில் சொன்னது. மூன்று வருஷம் நான் கூப்பிட்டு ஒருமுறைகூட உடனே பதில் சொல்லாதது. அப்புறம் கிளை ஒடிகிற சத்தம். இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் நினைத்தது இவ்வளவுதான்: தள்ளுபடியில் வாங்கிய அம்பு அதன் தோளில் போய்ச் சிக்கும், இவன் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவான், அது எங்கேயோ தண்ணீரில் வாயை வைத்துக்கொண்டு கிடக்கும். அதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

மரங்களுக்குள் இறங்கினேன். டுவெய்ன் ஓர் ஆஸ்பெனில் தோளைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டு நின்றான். இலை நிறச் சட்டைதான், ஆனால் அவன் தலைமயிர் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோணம் சரியாக இருந்தது. மூன்றாம் நம்பர் அம்பு ஒரு பக்க விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, பின்னால் நின்ற மரத்தில் போய் நின்றது. அவனுக்கு உடனே தெரியக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தான், கையை விலாவில் வைத்துப் பார்த்தான், பிறகு உட்கார்ந்தான்.

நானும் உட்கார்ந்தேன். விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால்.

அவன் முதலில் யாரோ தெரியாத ஆள் என்று நினைத்து, "ஹேய், இங்க மனுஷன் இருக்கேன்" என்றான். கொஞ்ச நேரம் பின்னால் இருந்த மரத்தையே பார்த்தான். அந்த ஒல்லித் தண்டை அவனுக்குத் தெரியாதா.

"லைல். நீயாடா? வாடா, தெரியாமதான பண்ண. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டனை அமுக்குடா."

பட்டன் என்றது ஆபத்தில் ஹெலிகாப்டர் கூப்பிடுகிற கருவி. அவனுடையது வண்டியிலேயே கிடக்கும், எப்போதும் அப்படித்தான். என்னுடையது சட்டைப் பையில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் எழவில்லை. அவசரப்படுகிறவர்கள்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள். டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னது சரியாக இருக்கும், உயிர் போகக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். கடைசியில் நோரீன் பேரைத்தான் சொன்னான். நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.

பிறகு அம்பை மரத்திலிருந்து பிடுங்கி, உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றிப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. புல்லில் துடைத்து, முதுகில் இருந்த அம்புத் தூணியில் வைத்தேன். அவனைத் தேடி ஊரே மலையேறியபோது நானும் ஏறினேன். அடுத்த வாரம் அதே அம்பால் ஒரு பெட்டை எல்க்கை அடித்தேன், நாலு எட்டில் விழுந்தது. பாதி இறைச்சியை நோரீனுக்குக் கொடுத்தேன். சாவு வீட்டுக்கு இறைச்சி கொடுப்பது எங்கள் பழக்கம்.

"நீ ஒருத்தன்தான் லைல் மறக்காம வர்ற" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு ஜாடி தக்காளி கொடுத்தனுப்பினாள். செடிகள் பனியில் கருகியிருந்தன. கேட்டுக்கொண்டு என் ஆறு அம்புகளையும் பிடுங்கி வந்தேன். கழுவிச் சுழற்றிப் பார்த்தேன், எல்லாம் நேர்.

வில் வைத்திருக்கிற எல்லார் வீட்டுக்கும் வந்ததுபோல என் வீட்டுக்கும் வந்தீர்கள். நானே தூணியை எடுத்துக் கொடுத்தேன். இப்போது பூணுக்கு அடியில் இரண்டு ரத்தம் என்கிறீர்கள், ஒன்று மானுடையது, ஒன்று அவனுடையது. ஏன் ஆற்றில் போடவில்லை என்று கேட்கிறீர்கள். எலும்பைத் தாண்டியும் நேராக நிற்கிற அம்பை யாராவது எறிவார்களா, மேடம்? நீங்கள் கேட்க வேண்டியது வேறு. எல்லா அம்பிலும் பூணைத் தள்ளிப் பார்க்கிறவன் இதில் மட்டும் ஏன் பார்க்கவில்லை. பெட்டையை அடிக்க நாணில் வைத்தபோதும் பார்க்கவில்லை, கையில் சிதறினாலும் சிதறட்டும் என்று. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

டுவெய்ன் என்று தெரிந்துதான் விட்டேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என்னை மிருகம் என்று நோரீன் சொன்னதாகச் சொன்னீர்கள். அதற்காக நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அந்தக் கிடா இறங்கி வந்தது. மரங்களுக்கு நடுவில் நின்று, அவன் குரலுக்குக் காதைத் திருப்பியது. மடிந்த கொம்புக் கிளை வெயிலில் தெரிந்தது. கோணம் சரி, தூரம் சரி, காற்றும் என் பக்கம். நாலாம் நம்பர் நாணில் இருந்தது. நான் விடவில்லை. பட்ட ஒன்று இன்னும் உயிரோடு கிடக்கும்போது இன்னொன்றின் மேல் அம்பு விடுவது முறையில்லை, மேடம். அப்படியெல்லாம் செய்கிறவன் டுவெய்ன், நான் இல்லை.