பதினேழாவது வரி

என் தம்பிக்குக் கண்ணாடி போட வெட்கம். நாற்பத்தாறு வயதாகிறது, காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் படிப்பான். கேட்டால் வெளிச்சம் போதவில்லை என்பான். வாசலில் மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தபோதும் அதையேதான் சொன்னான். அதனால்தான் அந்தக் குறிப்புத்தாளை நான் வாசிக்க வேண்டியதாயிற்று. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. முதல் இதுதான்.

வண்டி அப்பாவுடையது. முப்பத்திரண்டு வருஷத்துப் பழசு, எட்டு வருஷமாக ஷெட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. அப்பாவைத் தன் ஊருக்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளப் போவதாகத் தம்பி வந்து நின்றான். வாடகைக் காரில் போங்கள் என்றேன். போனால் என் வண்டியில்தான் போவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். பேட்டரி, டயர், பிரேக் எல்லாவற்றையும் தம்பி ஒவ்வொன்றாக மாற்றினான். கடைசியில் இடித்தது புகை வெளியேறும் பாதை. இன்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு நடுவில் விண்டிருந்தது. அந்தக் கம்பெனிச் சாமான் இப்போது கிடைப்பதில்லை. வேறு யாரோ செய்து விற்கும் ஹெட்டர் ஒன்றை வரவழைத்தான். நாலு குழாய்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும். கறுப்புப் பூச்சோடு பார்க்க அழகாகவே இருந்தது. கூடவே மடித்த தாள் ஒன்று. பத்தொன்பது வரிகள், கடுகைக் கொட்டினது போன்ற எழுத்து.

நான் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக புரூஃப் பார்க்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளெல்லாம் என்னிடம்தான் வரும். ஒருவர் உரக்க வாசிக்க ஒருவர் சரிபார்க்கும் வேலை அது. வாசிப்பவர் ஒரு சொல்லை விழுங்கினால் மருந்து விஷமாகும் என்று புதிதாகச் சேரும் பெண்களிடம் நானே சொல்வதுண்டு.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். தம்பி பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, "அடுத்தது என்னக்கா?" என்பான். நான் வாசிப்பேன். "ஆச்சு. அடுத்தது?" என்பான். துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். ஒன்று அசையவே மாட்டேன் என்றது. "உன்ன மாதிரியே இருக்குக்கா இது," என்றான். "கண்ணு தெரியாதவன் கையில மாட்டுனா அது வேற என்ன பண்ணும்?" என்றேன். இருவரும் சிரித்தோம். சின்ன வயதுக்குப் பிறகு நாங்கள் அப்படிச் சிரித்தது அன்றுதான். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, அவனை எனக்குப் பிடிக்கும்.

அப்பா வாசற்படியருகே நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். குளியல், மாத்திரை, நகம் வெட்டுவது எல்லாம் நான்தான். அம்மா போனதிலிருந்து பதினோரு வருஷம். அப்படிப்பட்டவர் மூன்று நாள் முன்பே தன் துணிகளைத் தானே மடித்துப் பையில் வைத்துவிட்டார். அடுத்த வீட்டுத் தையல்காரர் வேடிக்கை பார்க்க வந்தார்.

"என்ன பெரியவரே, பொண்ண தனியா விட்டுட்டுப் போறீங்களா?"

"அவளுக்கென்ன, படிக்கிறதுக்குக் காகிதம் இருந்தாப் போதும். எட்டு வருஷமா செத்துக் கிடந்த வண்டி இது. பாருங்க, பையன் கை வெச்சான், உசுரு வந்துடுச்சு. இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு?"

எனக்கு வலித்தது. சொல்லிவிடுகிறேன், நன்றாகவே வலித்தது. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். அன்றைக்கு அவருக்குக் கஞ்சியை எப்போதும் போல ஆற்றித்தான் கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம் புகை கசியாமலிருக்க இடையில் கேஸ்கட் தகடு வைத்து, எல்லா போல்ட்டையும் முறுக்கி, வண்டியைக் கிளப்பினான். புதுக் குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. பதினாறாவது வரியை வாசித்தேன்: முதல் சில மணி நேரம் பூச்சு கருகும் வாடை வரும், பயப்பட வேண்டாம். அதை இரண்டு முறை வாசித்தேன்.

"அடுத்தது?"

அடுத்த வரி இது. வண்டி முழுக்க ஆறியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். சூட்டில் அவை தளரும். அதுவரை ஜன்னல் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது. புகை உள்ளே புகுந்தால் உயிருக்கு ஆபத்து. கடைசி இரண்டு சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன.

"பழைய பாகத்தக் கண்ட இடத்துல போடக்கூடாதாம்," என்றேன். அது பதினெட்டு.

உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்த வாக்குமூலத்தில், நான் ஒரு வரியைத் 'தவறுதலாக' விட்டுவிட்டதாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன். தம்பி ஆஸ்பத்திரியில், "அக்கா படிச்சிருப்பா, நான்தான் காதுல வாங்கல," என்று அழுகிறானாம். அது அவன் பெருந்தன்மை. ஆனால் உண்மை இல்லை. அவன் எல்லா வரியையும் காதில் வாங்கினான். நானும் எந்த வரியையும் தவறுதலாக விட்டதில்லை. நாளைக்கு அச்சகத்தில் யாராவது அந்தச் சொல்லைப் படித்தால் என் வேலைக்கு என்ன மரியாதை?

திங்கள் காலை கிளம்பும்போது வண்டி ஒரு சத்தம் போட்டது. விட்டுவிட்டு, டிக் டிக் என்று, முன்பக்கத்திலிருந்து. தம்பி பானெட்டைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றான்.

"அக்கா, ஒரு மாதிரி தட்டுது. இதப் பத்தி அதுல ஏதாவது போட்டிருக்கா? ஒருக்காப் பாரேன்."

தாளை எடுத்து வந்து பிரித்தேன். பதினேழாவது வரி என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. ஸ்பானர் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்து நிமிஷ வேலை. மழை தூற ஆரம்பித்திருந்தது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, "என்னடா இன்னும், கிளம்பலாம்டா," என்று அவசரப்பட்டார். அவர் காலடியில் தரை துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை உண்டு. மேலே மிதியடி போட்டிருக்கும். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"புதுசு பழகுற வரைக்கும் சத்தம் இருக்கும், தானா சரியாயிடும்னு போட்டிருக்கு," என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் இல்லாத ஒரு வரியை நான் சேர்த்தது அந்த ஒரு தடவைதான்.

வண்டி பாதி வழியில் நின்றுவிடும், தம்பி அலுத்துப்போய் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். நேற்றுவரை எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டி நின்றுவிடும் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. இருந்தது வேறு. அதை நான் நாலு முறை படித்திருந்தேன். வாடை வந்தபோது தம்பி பூச்சு கருகுகிறது என்று நினைத்தானாம். அப்பா தலை சாய்ந்தபோது தூங்குகிறார் என்று நினைத்தானாம். இரண்டு மணி நேரம் கழித்து வண்டி சாலையோர மணல்மேட்டில் ஏறி நின்றிருக்கிறது. லாரிக்காரர் ஒருவர் கதவைத் திறந்து இழுத்துப் போட்டதால் தம்பி பிழைத்தான். அவனும் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். அவன் பெயரைச் சொல்லித்தான் அப்பா பையைக் கட்டினார் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. ஆகவே ஆமாம், ஐயா. தெரிந்தேதான் அனுப்பினேன். அப்பாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். வண்டி நகரும்போது அப்பா ஒரு கையை வெளியே நீட்டி எனக்கு ஆட்டினார். மழைத்துளி அவர் சட்டைக் கையில் விழுந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையை உள்ளே மடித்து வைத்தேன். "கண்ணாடிய ஏத்திக்கடா, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இறக்காத, அப்பாவுக்குக் குளிர் ஆகாது," என்று தம்பியிடம் சொன்னேன். ஏற்றிவிட்டான். நானே ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், இடுக்கு எதுவும் இல்லை. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், பதினோரு வருஷத்தில் அவருக்கு ஒரு சளி பிடிக்க நான் விட்டதில்லை.