நோன்பு திறக்கும் நேரத்தில் சேமித்த கோப்பு

உங்கள் ஆட்கள் கொடுத்த தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். காஸாபிளாங்காவுக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. தெற்கே எங்கள் ஊரான சூஸ் பக்கத்துத் தித்திப்பு மட்டும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். எல்லா வரைபடமும் ஒரே சர்வரில் இருக்கும், அது முழுக்க என் கையில். முதலாளி முக்தார், மரியாதைக்கு ஸி முக்தார் என்போம். கிஸ்லான் அங்கே பொறியாளர். தூணுக்கு எத்தனை கம்பி, என்ன கனம் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. தாய் தகப்பன் கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது, வாடகை அறையில் தனியாக இருந்தாள். என்னை "லஹ்சன் சித்தப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருடம் ஜூனில், நாங்கள் வரைந்து கொடுத்த கட்டடத்தின் மூன்றாம் தளம் விழுந்து நான்கு கொத்தனார்கள் செத்துப்போனார்கள். கிஸ்லானின் கணக்கில் தப்பில்லை. கம்பியை மெல்லிசாக்கியவர் முக்தார். ஒப்பந்தக்காரர் கெஞ்சினார், இவர் தன் கணினியிலேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். அந்தக் கோப்பு அவர் பெயரோடும் தேதியோடும் சர்வரில் இருந்தது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"லஹ்சன், இந்த ஆபீஸை மூடினா எத்தனை வீட்டு அடுப்பு அணையும், யோசிச்சியா?"

"யோசிச்சேன் ஸி முக்தார்."

"அப்ப ஏதாவது பண்ணுப்பா. எப்படின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தேன். ஒருவனுக்கு மூன்று பிள்ளைகள். இன்னொருவனுக்குப் படுத்த படுக்கையாக அம்மா. கிஸ்லானுக்கு யாருமில்லை. அவள் உள்ளே போனால் வாசலில் உட்கார்ந்து அழ ஒரு ஆள் கிடையாது. சேதாரம் குறைவான இடத்தில் கை வைப்பதுதானே நியாயம்?

அந்தக் கோப்பை சர்வரில் அவள் கோப்புகள் இருக்கும் அடைவில் கொண்டுபோய் வைத்தேன், உரிமையாளர் பெயரை மாற்றினேன். மிச்சம் தேதி. கறுப்புத் திரையில் டச் என்ற கட்டளை, பக்கத்தில் வேண்டிய நாளும் நேரமும், கடைசியில் கோப்பின் பெயர். ஒரே வரி. அவசரக்காரர்கள் கோப்போடு விட்டுவிட்டு மாட்டிக்கொள்வார்கள். நான் அடைவின் தேதியையும் மாற்றினேன்.

அதற்கு முன்பே முடிந்துபோன ரமலானில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன். அலுவலகம் மூன்று மணிக்கே மூடிவிடும். வெறும் அறைக்குப் போய் என்ன செய்வது என்று அன்று கிஸ்லான் மட்டும் தங்கிவிட்டாள். எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தரை மணி என்று போடலாம் என்பது திட்டம். ஆனால் ரமலான் முழுக்க அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும், முடிந்ததும் பழையபடி முன்னால் தள்ளும்; உங்களுக்குத் தெரியாததா. நான் ஜூனில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஐந்தரை இப்போது ஆறரை என்று ஒன்றைக் கூட்டி அடித்துவிட்டேன். எந்த நாளுக்கு எந்தக் கடிகாரம் என்பது கணினிக்கே தெரியும், நான் கூட்டியிருக்க வேண்டியதில்லை. கோப்பு ரமலானின் ஆறரை என்றே நின்றுவிட்டது. சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொல்லுகிற நேரம்.

அந்த நேரத்தில் கிஸ்லான் அலுவலகத்தில் இல்லை. என் வீட்டில், எனக்கு எதிரே உட்கார்ந்து நோன்பு திறந்துகொண்டிருந்தாள். தனியாகச் சாப்பிடுகிறாளே என்று என் மனைவி தூரியாதான் அழைத்திருந்தாள்.

தப்பு அப்போதே என் கண்ணில் பட்டது ஐயா. கோப்பு இன்னும் காவல்துறைக்குப் போகவில்லை. அதே வரியை இன்னொரு தடவை அடித்தால் தீர்ந்தது. கையைக்கூடக் கொண்டுபோனேன். பிறகுதான் தோன்றியது: ஐந்தரைக்குக் காவலாளி விளக்கணைக்க மேலே வருவான், அவள் கணினியை மூடிவிட்டுச் சும்மா இருந்தாள் என்று அவன் சொன்னாலும் சொல்வான். ஆறரைக்கு ஊரே வீட்டுக்குள் இருக்கும். அவளுக்குச் சாட்சி என்றால் நானும் என் மனைவியும்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நீதிபதி முன்னால் எங்களை எதிரெதிரே நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. தேதியைக் கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, பாவம்.

"அன்னிக்கு உங்க வீட்லதானே இருந்தேன் சித்தப்பா? ஞாபகம் இல்லையா? சித்தி பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில கொடுத்தாங்களே. சொல்லுங்க சித்தப்பா, இவங்ககிட்ட சொல்லுங்க."

அன்று வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான் இருந்தோம் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தூரியாவைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"அந்தப் புள்ள நம்ம வீட்லதானேங்க இருந்துச்சு!"

"ரமலான் முழுக்க அதே சூப்பு, அதே பேரீச்சம்பழம். எந்த நாளுன்னு நீ எப்படிச் சொல்லுவ?"

"அன்னிக்குத்தான் தேன் பலகாரத் தட்டைக் கீழ போட்டுட்டு, மன்னிச்சுக்கோங்க சித்தின்னு என் கையைப் பிடிச்சா. மறக்குமா?"

"மறக்கும். நான் உள்ள போனா உனக்கு யாரு இருக்கா, அதை நினைச்சுப் பாரு. தானா மறக்கும்."

அவள் மறந்தாள். கிஸ்லானுக்கு ஐந்து வருடம் கிடைத்தது.

நாங்கள் அவளைக் கைவிட்டுவிடவில்லை. பெருநாளுக்கு வீட்டுச் சாப்பாட்டுக் கூடையைச் சிறைக்குள் விடுவார்கள் என்று கேள்விப்பட்டு, தூரியாவைக் கோழியும் ரொட்டியும் பலகாரமும் செய்யச் சொன்னேன். நானே தூக்கிக்கொண்டு போனேன். மற்றக் கூடைகள் எல்லாம் உள்ளே போயின. எங்களுடையதை மட்டும் காவலாளி திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். மேலே மூடிய துணியைக்கூட அவள் விலக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தூரியா அந்தக் கூடையைப் பார்த்தாள். மறுநாள் நேரே அரசு வழக்கறிஞரிடம் போய்விட்டாள், அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்னது எல்லாம் உண்மை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கிஸ்லானை விட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். விடுங்கள், எனக்கு அவள் மேல் கோபம் ஒன்றுமில்லை. மனத்தாங்கல் மட்டும் உண்டு, அதை மறைப்பானேன். எங்கள் வீட்டுப் பெண்போல வைத்துச் சோறு போட்டோம். பெருநாளும் அதுவுமாக அந்தக் கூடையை ஒரு காவலாளி கையில் திருப்பிக் கொடுத்தனுப்பலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள் ஐயா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த நன்றி எங்கே இருக்கிறது.