நான்கு கிண்ணங்களும் நம் சுபிதாவும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நூலகத் தலைவி நேசம்மாள் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே! வயல்வேலை முடித்து வந்திருக்கும் தாய்மார்களே! இராஜாக்கமங்கலத்து இளையோரே! உரக்கடை நடத்தும் என்னை மேடையேற்றி மண்ணைப் பற்றிப் பேச விட்டிருக்கிறீர்கள். எளிதில் இறங்கமாட்டேன், பொறுத்தருள்க! அனைவருக்கும் வணக்கம்!

வாழைத்தோட்டம் வைத்திருக்கும் கோலப்பனுக்கும் அழகியநாயகிக்கும் பிறந்தவள், இன்று நாம் வழியனுப்பக் கூடியிருக்கும் சுபிதா, திராட்சை மது வடிக்கும் கலையைக் கற்க ஜெர்மனிக்குப் போனாள். தாய்மார்களே, முகம் சுளிக்காதீர்கள்! சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடுவதுதான் அவர்கள் பாடம். என்ன குமாரதாஸ் அண்ணாச்சி, "துப்புகதுக்கு முன்ன எங்கிட்ட தரப்பிடாதா?" என்றா கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள்!

எத்தனை மண்ணைக் கண்டாள் அந்த மகள்! ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையிலே, ஆடும் ஏற அஞ்சும் சரிவிலே, சிலேட்டுப் பாறைக்குள் வேரோட்டும் கொடியைக் கண்டாள். அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலே, மலைப்பனி உருகி வாய்க்காலாய் வந்து வறண்ட நிலத்தை வாழவைக்கக் கண்டாள். ஜார்ஜியாவிலே, மண்ணுக்குள் புதைத்த பெருஞ்சாடியில் தோலோடும் விதையோடும் மது முதிரக் கண்டாள். கிரேக்கத்தின் சாந்தோரினி எரிமலைத் தீவிலே, கடுங்காற்றுக்குத் தப்பக் கொடியையே கூடையாகப் பின்னித் தரையோடு தரையாய் வளர்க்கக் கண்டாள்.

கண்டவள் வென்றாளா? இல்லை! முதல் தேர்விலே தோற்றாள். கிண்ணத்தில் தருவதைச் சுவைத்து, எந்த நாட்டு மது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று விளக்க வேண்டும். இவளோ, தான் ஒருநாளும் தின்றறியாத பழங்களின் பெயர்களைப் புத்தகத்திலிருந்து ஒப்பித்தாள். தேர்வாளர் ஒன்று கேட்க, இவள் ஒன்று உளற, எல்லாம் போயிற்று. மிச்சம் இன்னும் ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் பேசினாள். அழகியநாயகி அம்மா கேட்டார்: "அழாத மக்கா. சாப்பிட்டியா? அது வாயில வச்சா எப்பிடிட்டி இருக்கும்?"

"ஒண்ணு ஞாவப்பழம் கணக்கா நாக்கைப் பிடிக்கும்மா. இன்னொண்ணு பாலில்லாத கட்டஞ்சாயா போலக் கடுக்கும். ஒண்ணுல, நம்ம கடக்கரையில நின்னா உதட்டுல ஒட்டுமே, அந்த உப்பு."

"ஏட்டி, எனக்கே குடிச்ச மாதிரி இருக்கே!" என்று அம்மா சிரித்தார். அழுதவள் திகைத்தாள், திகைத்தவள் தெளிந்தாள்!

மீண்டும் தேர்வு. நான்கு கிண்ணங்கள். முதலாவதை முகர்ந்தாள். "சுட்ட பாறையில் மழை விழுந்த மணம். மோசல்!" என்றாள். இரண்டாவதைச் சுவைத்தாள். "ஞாவல்பழம். மெண்டோசா!" என்றாள். தேர்வாளர் பேனாவை நிறுத்தினார். "ஞாவலா? அது என்ன?" இனித்துவிட்டுத் துவர்க்கும், தின்றால் நாவெல்லாம் ஊதாவாகும் என்று நாவை நீட்டியே காட்டினாள்! அவர் சிரித்தார், கிண்ணத்தை எடுத்துத் தாமும் ஒரு வாய் சுவைத்தார், "ஆமாம், துவர்க்கிறது" என்றார். மூன்றாவது கட்டன்சாயா, ஜார்ஜியா. நான்காவதை உதட்டில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். உப்புக்காற்று. சாந்தோரினி!

நான்கும் சரி! தட்டுங்கள், கடல் கேட்கத் தட்டுங்கள்!

இப்போது அந்தத் தீவே மது வடிக்கும் பொறுப்பைத் தந்து அவளை அழைத்திருக்கிறது. இன்று காலை கோலப்பன் என் கடைக்கு வந்து, "அந்தத் தீவுல வாழை வருமாடே?" என்று கேட்டார். மகளோடு புறப்பட மனிதர் ஆயத்தமாகிவிட்டார்!

சுபிதா, போய் வா மகளே! எரிமலைச் சாம்பலில் பழுக்கும் திராட்சைக்கு நம் தமிழில் பெயர் சூட்டு! அவர்கள் அர்த்தம் கேட்கட்டும். நீ சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடு!

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும் சிவக்கத் தட்டிய கைகளுக்கும் என் நன்றி. இனிப் பேச வேண்டியவள் அவள். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்து விடைபெறுகிறேன். வணக்கம்!