என் நம்பர்ல எவனோ பறக்கிறான்

உஸ்ஸ்… டக். உஸ்ஸ்… டக்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு விமானக் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஏதோ பெரிய பிராணி ஒன்று மூச்சுவிடத் திணறுகிற மாதிரி. ஜனெல் கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறை சன்னலோரம் நின்று கேட்டாள். புருஷன் டல்லாஸில் இரவு வேலைக்குப் போயிருந்தான். குடிவந்த இடமோ புதிது. வீட்டுக்கு வீடு காரோடு ஒரு குட்டி விமானமும் நிற்கிற தெருவில் எது என்ன சத்தம் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இதை எங்கோ கேட்டிருக்கிறாள். வெகு அருகில், நெஞ்சோடு நெஞ்சாகக் கேட்டிருக்கிறாள். பயமே அதனால்தான்.

பயந்தவள் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை, போனாள். கொட்டகையின் பக்கக் கதவைத் தள்ளியதுதான் தாமதம், வெர்லின் டேக்கெட் கிழவர் போனில் யாரிடமோ விட்ட பேச்சை அவளிடம் தொடர்ந்தார்.

“…குருவி தலையில பனங்காயை வச்சா அது பறக்குமா, நீயே சொல்லு. வா வா, உள்ள வா. பாரு இந்தப் பிளேனை. ரெண்டே சீட்டு. நானும் என் பொஞ்சாதி நார்மாவும் தள்ளினா நகந்துடும். இதுக்குப் போயி ஜெட்டுக்கு வைக்கிற பெட்டியை வைங்கறான் கவர்மென்ட்டுக்காரன். வச்சேன். வச்சப்புறம் என்னாச்சு தெரியுமா… அந்த ஸ்டூல்ல ஒக்காரு, எண்ணெ இருக்கும், தொடைச்சுட்டு ஒக்காரு… எவனோ என் பிளேன் நம்பரைத் திருடிட்டான்.”

ஜனெல் உட்காரவில்லை. அவள் கண் வேலை மேசைக்குப் போய்விட்டது. உஸ்ஸ்… டக். அவளுடைய தாய்ப்பால் எடுக்கிற பம்ப். குடிவந்த கையோடு வேண்டாத சாமான்களை வாசலில் பரப்பி விற்றாளே, அதில் போனது. அதன் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, குழாயை விமானத்தின் வயிற்றுக்குள் விட்டிருந்தார். மார்பில் வைக்கிற புனல் ஓரமாகக் கிடந்தது. அதற்குள் நட்டும் போல்ட்டும்.

“என்ன அப்படிப் பாக்குற, உங்கிட்ட வாங்கினதுதான். நல்ல மிஷின். அதைச் சொல்றேன் இரு, திருடனை முடிச்சுக்கறேன். இப்ப நம்ம தலைக்கு மேல என்ன இருக்கு? வானம்னு நினைச்சுக்கிட்டிருக்க. வானம் இல்லம்மா, கேக்கு. கல்யாணக் கேக்கைத் தலைகீழாக் கவுத்தா எப்படியிருக்கும், அடுக்கடுக்கா, மேல போகப் போக அகலமா… அது அத்தனையும் பெரிய ஏர்போர்ட்டுக்காரன் ராஜ்ஜியம். நாம அடியில எறும்பு மாதிரி ஊந்துக்கிட்டுப் போகலாம். கேக்குல மூக்கு படணும்னா ஏர்போர்ட் டவர்காரனைக் கேக்கணும். பெட்டியும் கத்திக்கிட்டே இருக்கணும். என்னன்னு கத்தும்? ‘நான் டேக்கெட்டு பிளேனு, என் நம்பர் இது, இந்தா இங்க இருக்கேன், இத்தனை அடி உயரத்துல இருக்கேன்’னு நொடிக்கு நொடி ஊருக்கே கத்தும். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின நார்மாகூட என்னை அப்படி விசாரிச்சதில்ல. இப்ப அவ விசாரிக்கவே வேணாம், போனைத் திறந்தாப் போதும், நான் எங்க பறக்கறேன்னு படமாத் தெரியுது. ஒருநா பக்கத்து ஊருக்குப் போயி ரெண்டு துண்டு பிரிஸ்கெட் கறி சாப்பிட்டேன். டாக்டர் கறி ஆகாதுங்கறான். திரும்பி வந்து எறங்கக்கூட இல்ல, ஓடுபாதை ஓரத்துல நிக்கறா. ‘கறி நல்லா வெந்திருந்துச்சா’ங்கறா. அன்னிக்கு ராத்திரி எனக்கு வேகவச்ச கேரட்டு.”

பிள்ளை குழாயைப் பார்த்துக் கையை நீட்டியது.

“டேய் டேய், அது உன் சாப்பாடு இல்ல, இப்ப அது ஏரோபிளேன் சாப்பாடு… எங்க விட்டேன்? ஆங், திருடன். சாயங்காலம் ஆனா என் நம்பர்ல ஒருத்தன் கேக்குக்குள்ள ஏறிடறான். கேக்கறதில்ல, சொல்றதில்ல. பெரிய பெரிய ஜெட்டை எல்லாம் சுத்திவிட வேண்டியதாப் போச்சாம். டவர்லேந்து என்னைப் பிடிச்சு ஏசறாங்க. ‘ஐயா, நான் இங்க கொட்டகையில ஒக்காந்து பெட்டியை சோதிச்சுக்கிட்டிருந்தேன்’ங்கறேன். தலையில அடிச்சு சத்தியம் பண்றேன். எவன் கேக்கறான்? இன்னொரு தடவை ஆச்சுன்னா லைசென்ஸ் ரத்துன்னுட்டாங்க. உனக்கு அது புரியாது. என் நெஞ்சுல வால்வு மாத்தியிருக்கு. பெரிய லைசென்ஸுக்கு டாக்டர்கிட்டப் போனா குடுக்க மாட்டான், அதான் போகல. இந்தச் சின்ன லைசென்ஸுக்கு கார் ஓட்டற அட்டையே போதும். இதும் போச்சுன்னா வேலியோரம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு அடுத்தவன் பறக்கறதை அண்ணாந்து பாக்க வேண்டியதுதான்.”

அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. அதுதான் சமயம் என்று ஜனெல் வாயைத் திறந்தாள்.

“இரு, குறுக்கப் பேசாத, மறந்துடுவேன். உன் மிஷினைப் பத்திச் சொல்றேன்னேன்ல? மேல போகப் போக காத்து மெலியும். காத்து மெலிஞ்சா உயரம் கூடிருச்சுன்னு பெட்டி நினைச்சுக்கும். அதோட மூளை அவ்வளவுதான். அப்ப தரையில வச்சே காத்தை உறிஞ்சினா? அது ஏறிக்கிட்டே இருக்கும். சரியாக் கணக்கு சொல்லுதான்னு நாம பாத்துக்கலாம். சட்டம் சட்டம்ங்கறாங்களே, சட்டப்படி சுத்தமா இருக்கணும்னுதான் தினம் சாயங்காலம் ஒக்காந்து உறிஞ்சறேன். கடையில குடுத்தா என்னா பவிசு பண்றான்… ஆன்டெனாவுக்கு ஒரு மூடி போடணுமாம், வெளிய கேக்கக் கூடாதாம். பிளேன் கொட்டகையில நிக்குது, சக்கரத்துக்குக் கட்டை வச்சிருக்கு, எவனுக்குக் கேக்கப் போவுது? மூடியாம் மூடி.”

ஜனெல் மறுபடி வாயைத் திறந்தாள். அவர் தன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இந்தா, நீயே பாரு. இப்பவும் பறக்கறான் பாரு. என் நம்பர். மூவாயிரத்து அறுநூறு அடி. எங்க? நம்ம கூரைக்கு நேர் மேல. அசையறானா பாரு, அசைய மாட்டான். நெட்டுக்குத்தா ஏறுவான், நெட்டுக்குத்தா நிப்பான். ஹெலிகாப்டர் வச்சிருக்கான்போல. நானும் வெளிய போயி அண்ணாந்து அண்ணாந்து பாத்து கழுத்தே பிடிச்சுக்கிச்சு. வெளக்கும் இல்ல, சத்தமும் இல்ல. பலே திருடன். ஆனா இன்னிக்கு அவன் செத்தான். இப்பத்தான் டவருக்குப் போன் போட்டேன். ‘கையும் களவுமா இருக்கான், ஆளனுப்பு’ன்னேன். ஷெரிஃபோட போலீஸ் ஆளு கெளம்பிட்டானாம். வரட்டும், காபி போட்டு வச்சிருக்கேன்.”

உஸ்ஸ்… டக்.

போனில் எண் கொஞ்சம் ஏறியது. உஸ்ஸ்… டக். இன்னும் கொஞ்சம் ஏறியது. ஜனெல் பம்பைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கிழவரைப் பார்த்தாள். சொல்லத்தான் நினைத்தாள். அவர் இதற்குள் ஷெரிஃபின் மச்சானுடைய டிராக்டர் கதைக்குப் போய்விட்டார். அந்த வாய்க்குள் ஒரு வார்த்தையை நுழைப்பதற்கு ஊசிக் காதில் ஒட்டகத்தை நுழைத்துவிடலாம். அவள் கையை நீட்டினாள். இருட்டில்கூடத் தடவி அணைத்துப் பழகிய பொத்தான் அது. அணைத்தாள். குழாயையும் உருவிவிட்டாள்.

“…டிராக்டரு குளத்துக்குள்ள, மச்சான் கரையில… ஐயையோ. விழுந்துட்டான். விழுந்துட்டாம்மா, ஒரே மூச்சுல தரைக்கு வந்துட்டான். அடப்பாவி, திருடனா இருந்தாலும் உயிரு உயிருதானே. இங்கதான், நம்ம வாசல்லதான் விழுந்திருக்கணும். டார்ச்சு எங்க, அந்த டார்ச்சு…”

ஓடினார். புல்வெளியில் வெளிச்சம் இங்கும் அங்கும் அலைந்தது. “ஏய், உசுரோட இருக்கியா” என்று இருட்டை அதட்டுவது கேட்டது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

“ஒரு துண்டு தகரம்கூட இல்ல. புகைகூட இல்ல. இது பேயி. நான் சொல்லல? இது மனுஷப் பயலே இல்ல…”

ஜனெல் மேசைக்குத் திரும்பினாள். குழாயை மறுபடி சொருகி, பொத்தானை அமுக்கினாள். உஸ்ஸ்… டக். உஸ்ஸ்… டக். போனில் திருடன் எழுந்து ஐந்நூறு அடி ஏறினான். அணைத்துக் குழாயை உருவினாள். விழுந்தான். இன்னொரு தடவை உயிர் கொடுத்தாள். எழுந்தான். பிள்ளைக்கு விளையாட்டு பிடித்துப்போய் கெக்கெக்கென்று சிரித்தது.

கிழவர் போனைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். மூடி இல்லாத ஆன்டெனாவை வெகு நேரம் பார்த்தார்.

“ஓ…” என்றார்.

பிறகு எட்டி விமானத்துக்குள் கையைவிட்டுப் பெட்டியை நிறுத்தினார். தெருக்கோடியில் ஒரு வண்டியின் விளக்கு திரும்பியது.

“ஏம்மா… தாயி… நீ இன்னிக்கு இங்க வரவே இல்ல, சரியா? நான் போன் பண்ணல. பண்ணினேன், அது தெரிஞ்சுபோச்சு… சரி, பண்ணினேன், ஆனா கண்ணு சரியாத் தெரியல… ஐயோ, கண்ணு தெரியலன்னா அதுக்கு வேற லைசென்ஸைப் பிடுங்குவான். இந்தா, உன் சொத்து உங்கிட்டயே இருக்கட்டும். எடுத்துக்கிட்டு ஓடு. புனலை மறந்துட்டியே, புனலு, புனலு.”

நட்டும் போல்ட்டும் தரையில் சிதறின. ஒரு இடுப்பில் பிள்ளை, ஒரு கக்கத்தில் பம்ப்பும் புனலுமாக ஜனெல் புல்வெளியில் பாதி தூரம் போயிருப்பாள். வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஷெரிஃபின் ஆள் மீசை முளைக்காத இளவட்டம். இந்தப் பக்கம் ஏதாவது விமானம் பறந்ததா என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். இருட்டில் என்னம்மா தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று அவள் கக்கத்தை நோக்கி டார்ச் அடித்தான். புனலில் வெளிச்சம் பட்டது. பிள்ளை வாயைச் சப்புக்கொட்டியது.

அவன் காதுவரை சிவந்து டார்ச்சை அவசரமாக வானத்துக்குத் திருப்பிக்கொண்டான்.

“மன்னிச்சுக்கங்க மேடம். போங்க, போங்க. டேக்கெட் ஐயா முழிச்சிருக்காரா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. அவ்வளவு நேரம் ஓயாத வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. கதவுக்கு உள்பக்கம் துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று மெல்ல, மிக மெல்ல, கிறீச்சிட்டுக்கொண்டு போய் விழுந்தது.