ஐந்தாம் மாடியின் குளிரை நிறுத்தியவருக்கு

ஆளில்லா அறைகளில் எரியும் விளக்குகளை அணைத்து அணைத்தே ‘சுவிட்ச் ஐயா’ என்று பேர் வாங்கியவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த அரசு அலுவலகத்தின் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் கட்டிக்காத்த எங்கள் மேற்பார்வையாளரே! வணக்கம்.

அரசுக் கட்டடங்கள் வெளிவிடும் கரியமில வாயுவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. நாங்கள் கூட்டம் போட்டோம், நீங்கள் படியேறினீர்கள். கதவு கதவாகக் கைவைத்துப் பார்த்தீர்கள். ஆவணப் பிரிவு காலிசெய்து இரண்டு ஆண்டாகியும் ஐந்தாம் மாடி சில்லென்றிருந்தது. துப்புரவுப் பணியாளர்களான பெண்கள் நால்வர் அங்கே சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டியிருந்தார்கள்.

“போச்சு, சுவிட்ச் ஐயா வந்துட்டாரு. நம்ம சொகுசு இன்னையோட சரி” என்றார் ஒருவர்.

“நிறுத்திடுவீங்களா அண்ணே?” என்று மூத்தவர் கேட்டார். “கீழ படிக்கட்டுக்கு அடியில உக்காந்தா அடுப்புல வெச்ச மாதிரி இருக்கு.”

“நிறுத்தித்தாம்மா ஆகணும். நாலு பேருக்கு ஒரு மாடியே குளிருது. நாளைக்கு வரைக்கும் பொறுங்க.”

மறுநாள் இயந்திரம் நின்றது. மரநிழல் விழும் ஜன்னலும் மின்விசிறியும் உள்ள உங்கள் அறையிலிருந்து மேசையை நடைவழிக்கு நகர்த்திவிட்டு, சாவியை அந்த மூத்தவரிடம் நீட்டினீர்கள்.

“அப்ப நீங்க எங்கண்ணே உக்காருவீங்க?”

“நான் எங்கம்மா உக்காந்தேன்? பாதி நாள் ஏணியிலதானே நிக்கிறேன்!”

‘இரண்டு ஆண்டு காலி மாடியைக் குளிர்வித்தது என் மறதி’ என்று அறிக்கையிலும் எழுதினீர்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொன்ன அதிகாரிக்கும் இணங்கவில்லை. ஆண்டு முடிவில் இலக்கை எட்டினோம்.

உங்கள் ஓய்வு நெருங்க நெருங்க, அந்த நால்வருக்கும் சோறு இறங்கவில்லை. விதிப்படி அது மேற்பார்வையாளரின் அறை. வருகிறவர் திரும்பக் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

புதியவர் இன்று காலை பொறுப்பேற்றார். அறைக் கதவைத் தட்டினார். நால்வரும் சாப்பாட்டுப் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

“உக்காருங்கக்கா. ஜன்னல் கொக்கி கழண்டிருக்குன்னாங்க, மாட்டிட்டுப் போயிடறேன்.”

மாட்டினார். பிறகு நடைவழிக்கு வந்து, உங்கள் மேசை முன் அமர்ந்தார்.

இறைவன் உங்களுக்கு நோயற்ற நெடுநாள்களையும், அவற்றைக் கழிக்க நிழலுள்ள ஓர் இருக்கையையும் அருளட்டும்.

அன்பும் நன்றியும் மாறாத,
இக்கட்டடத்தின் ஊழியர்கள்